பத்தடியாரின் சிவப்புக் கோடு

அடுப்புக்குள் தவளை உட்கார்ந்திருக்கிற வீட்டுக்காரனைப் பார்த்து, "வெள்ளமா? எங்க வந்துச்சு?" என்று ஒருத்தர் கேட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? பாசிக்காரனுக்கு அப்படித்தான் இருந்தது. இன்றைக்கு நேற்றல்ல, தலையில் ஒரு நரைகூட இல்லாத காலத்திலிருந்து. இப்போது அவன் தலையில் கறுப்பைத் தேட வேண்டியிருக்கிறது. ஆத்திரம் மட்டும் அன்றைக்குப் பிடித்த மீன் மாதிரி துள்ளிக்கொண்டே இருந்தது. கேட்டவர் வேற்று ஆளாக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு மறந்திருப்பான். கேட்டவர் அக்கா புருஷன். அவரை வையவும் முடியாது, வையாமல் இருக்கவும் முடியாது.

அந்த ஊர் ஆறு கடலைப் பார்க்காத ஆறு. மலையிலிருந்து இறங்கும்போது இருக்கிற மிடுக்கெல்லாம் ஊருக்குள் நுழைந்ததும் வடிந்துவிடும். பழைய கல்பாலத்தின் வளைவுகளுக்குள் புகுந்து, கூப்பிடு தூரத்தில் நிற்கும் இரும்புப் பாலத்துக்கு அடியில் நழுவி, அதற்குமேல் நடக்கச் சோம்பல்பட்டு, நாணலும் சேறுமாகக் காலை நீட்டிப் படுத்துவிடும். அந்தச் சதுப்பின் ஓரத்தில் பள்ளத் தெரு. அங்கேதான் பாசிக்காரன் வீடு. ஆற்றில் படர்கிற ஆகாயத்தாமரையைக் கொக்கிக் கழியால் இழுத்துக் கரையில் போடுவது அவன் தொழில். ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரில் பச்சையாக எது மிதந்தாலும் பாசிதான். அதனால் அவன் பாசிக்காரன்.

அக்கா புருஷன் கல்பாலத்துக் காவல்காரர். பாலத்தின் தலைமாட்டில், பாலத்தோடு ஒட்டிக் கட்டிய இரண்டு அறை அவருக்கு வீடு. வெளிச்சுவரில் ஒரு பெரிய வெண்கல மணி. நடுவளைவைத் தாங்குகிற கல்தூணில் அடி அடியாக எண்கள் எழுதியிருக்கும். பத்தாவது எண்ணில் சிவப்புக் கோடு. காலையில் எழுந்து, தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்து, ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். தண்ணீர் சிவப்பைத் தொட்டால் பாலத்தை அடைத்துவிட்டு மணியை அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த மணிச் சத்தத்தில்தான் பள்ளத் தெருவின் உயிர் இருந்தது. மணி அடித்தால் மேட்டுப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுவார்கள். மணி அடித்தால் நடக்க முடியாதவர்களை ஏற்றிப் போக லாரி வரும். மணி அடிக்காவிட்டால் பூட்டு பூட்டாகவே இருக்கும், லாரி லாரிக்கொட்டகையில் இருக்கும், தண்ணீர் மட்டும் வரும்.

அந்த முதல் தடவை, வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதும் பாசிக்காரன் விழுந்தடித்துக்கொண்டு பாலத்துக்கு ஓடினான். மாமா குடையைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, மணிய அடிங்க! வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு!"

"எத்தனைன்னு பார்த்தியா?"

"முட்டி வரைக்கும் நிக்குது. என் பொண்டாட்டி மேசை மேல ஏறி நிக்கிறா."

"முட்டி ஆளுக்கு ஆள் மாறும் மச்சான். எண் மாறாது. அதோ பாரு, எட்டு. பத்து ஆனாத்தான் வெள்ளம்."

"அப்ப என் வீட்டுக்குள்ள வந்தது என்ன?"

"தண்ணி."

"மாமா, வளைவோட தோளப் பாருங்க. தோளே நனைஞ்சிடுச்சு!" வளைவு தூணிலிருந்து கிளம்புகிற இடத்தில் கல் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஆற்றில் வேலை செய்கிறவர்கள் அதைத் தோள் என்பார்கள்.

"தோளு, இடுப்பு எல்லாம் கொத்தனார் அழகுக்கு வெச்சது. ஆபீசுக்கு நான் தோளையா சொல்ல முடியும்? போய் வீட்டுல ஒத்தாசை பண்ணு, போ."

மூன்று நாள் கழித்துத் தண்ணீர் வடிந்ததும், அக்காவோடு பார்க்க வந்தார். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, சேற்றில் கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து, அடுப்புக்குள் இருந்த தவளையையும் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். தவளைகூட ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டது.

அவர் பொல்லாத மனுஷன் இல்லை. அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு கூடைச் சேற்றை வாசலில் கொட்டிவிட்டு வந்திருக்கலாம். அவர் ஒழுங்கானவர். ஒழுங்கு என்றால் சாதாரண ஒழுங்கு இல்லை. செருப்பை வாசலில் விட்டால் இரண்டின் மூக்கும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். சோற்றில் குழம்பை நடுவில்தான் ஊற்ற வேண்டும். ஓரத்தில் ஊற்றினால் தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிடுவார். கல்யாணத்துக்கு முன்னால் அக்காவைப் பார்க்க வந்தவர், எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்த படத்தை எழுந்து போய் நேராக்கிவிட்டு வந்துதான் அக்காவைப் பார்த்தார். "என்னைவிட அந்தப் படத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாரு" என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

பாலத்து வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் செருப்புக் கடையில் கால் அளந்தவர். அளவு என்றால் அவருக்கு அப்படி ஒரு பக்தி. பாலத்து வேலையை விட்டுப்போன பழைய காவல்காரர் சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனாராம்: "வருஷா வருஷம் கோடையில எண்ண அழிச்சுட்டுப் புதுசா எழுதணும். தரையில இருந்து எண்ணு, தப்பே வராது." அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அந்த எழுத்து வேலையைப் பார்க்க வேண்டுமே! கோடையில் ஆறு ஒரு பக்கமாக ஒதுங்கி, தூணைச் சுற்றிச் சேறு காய்ந்து கெட்டியாகும். பத்தடியார் பலகை போட்டு இறங்குவார். (ஊர் அவருக்கு வைத்த பெயர் அது. எதைக் கேட்டாலும் "பத்தடி ஆகட்டும்" என்பார். பக்தியையும் சேர்த்து எவனோ ஒரு குசும்பன் வைத்துவிட்டான்.) கம்பிப் பிரஷ்ஷால் பழைய எண்களைத் தேய்த்து எடுப்பார். ஒரு அடி நீளத்துக்கு அறுத்த தேக்குக் கட்டை ஒன்று வைத்திருந்தார். அதை உறையில் போட்டு வைத்திருப்பார். உறை அக்காவின் பழைய ரவிக்கைத் துணி. கட்டையைத் தரையில் ஊன்றி, அது முடிகிற இடத்தில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே தரையை ஒட்டி ஒன்று. அதற்கு மேல் இரண்டு. இப்படியே ஏணி வைத்து ஏறி, பத்தில் சிவப்பு. இழுத்த கோட்டை எதிர்க்கரைக்குப் போய் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். மயிரிழை சாய்ந்திருந்தாலும் அழித்துவிட்டு மறுபடி இழுப்பார். அந்தக் காரியத்தை ஒரு வருஷம்கூட அவர் தவறவிட்டதில்லை.

தரை தரையாகவே இருக்கும் என்று அவர் நினைத்தார். பள்ளிக்கூடத்தில் தரைக்கு அப்படித்தான் படம் போட்டிருப்பார்கள் போலும்.

இரண்டாவது பெரிய தண்ணீர் வந்தபோது பாசிக்காரன் வீட்டில் மேசையும் முழுகியது. போன தடவையைவிட ஒரு முழம் அதிகம். இவன் மூச்சிரைக்க ஓடிப் போய் நின்றால், மாமா முகமெல்லாம் பல்.

"ஏழுதான் மச்சான்! போன தடவை எட்டு. ஆறு அடங்கிட்டு வருது!"

"மாமா, போன தடவை நனைஞ்ச தோளு இப்பக் கண்ணுக்கே தெரியல!"

"மறுபடியும் தோளா? உனக்கு வேற உறுப்பே கண்ணுல படாதா?"

இந்தத் தடவை இன்னொரு சாட்சி இருந்தது. இரும்புப் பாலத்துக் காவல்காரர் தன் பாலத்திலும் எண் வைத்திருந்தார். அது இரும்புத் தகடு; கட்டும்போதே ஆணி வைத்து இறுக்கியது. அதில் பதினொன்று. அவர் சைக்கிளில் பறந்து வந்தார். "அண்ணே, என் பாலத்துல பதினொண்ணு. உங்க மணிய அடிங்கண்ணே. என்கிட்ட மணி இல்ல."

பத்தடியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இரும்பு வெயில்ல நீளும், மழையில சுருங்கும். உன் தகடு சுருங்கியிருக்கு தம்பி. கல்லு சுருங்குமா?"

மணி அடிக்கவில்லை. பள்ளிக்கூடப் பூட்டை யாரும் தொடவில்லை. பாசிக்காரனுக்குப் பக்கத்து வீடு ஒரு தையல்காரர். இரண்டு காலும் சூம்பியவர். ஆனால் அவர் வாய்க்கு முன்னால் தெருவே கைகட்டி நிற்கும். "லாரி வராம நான் எங்கயும் போக மாட்டேன். உன் தோள்ல தொங்கிட்டுப் போனா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? நீ போய் மணிய அடிக்கச் சொல்லு" என்று பாசிக்காரனைப் பாலத்துக்கு விரட்டினவரே அவர்தான். துணி வெட்டும் பலகை மேல் மிஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாசிக்காரன் திரும்பி வருவதற்குள் பலகை இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு நாணலுக்குள் அவரைத் தேடி எடுத்தவனும் பாசிக்காரன்தான்; ஆகாயத்தாமரையை இழுக்கிற அதே கழியால்.

ஆபீசில் விசாரித்தார்கள். ஒரு பாலம் ஏழு என்கிறது, ஒரு பாலம் பதினொன்று என்கிறது. ஒரே ஆறு இரண்டு விதமாக ஓட முடியாது. பெரிய அதிகாரி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: இரண்டில் வயசில் மூத்தது கல்பாலம், ஆகவே அது சொல்வதே சரி. இனிமேல் குழப்பம் வரக் கூடாது என்பதற்காக இரும்புப் பாலத்துத் தகட்டைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு குழப்பமே வரவில்லை. தையல்காரர் வெள்ளத்தில் சாகவில்லை, தவறி விழுந்து செத்தார் என்று முடித்தார்கள். கால் விளங்காத மனுஷன் எங்கிருந்து எங்கே தவறுவார் என்று யாரும் கேட்கவில்லை.

வருஷங்கள் ஓடின. எண் ஆறாயிற்று, ஐந்தாயிற்று. பள்ளத் தெருவில் தண்ணீர் ஜன்னல் வரை வந்த வருஷம் எண் ஐந்தரை. ஆறு அடங்கிவிட்டது என்று ஊரே பேசிக்கொண்டது. மேட்டில் மனை வாங்கினவர்கள் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு ஆற்றின் அழகைப் பார்த்தார்கள். ஓய்வு பெறும் நாளில் பத்தடியாருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து, "இவர் காவலில் ஆறு ஒரு தடவைகூட எல்லை மீறியதில்லை" என்று மேடையில் பேசினார்கள். ஆறே அவரிடம் சம்பளம் வாங்கியது மாதிரி அவரும் தலையாட்டினார். பாசிக்காரன் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த பிஸ்கட்டைக் கடிக்காமலே வாயில் கரைத்துக்கொண்டிருந்தான்.

அடிக்காத மணியை வைத்துக்கொண்டு அக்கா என்ன செய்வாள்? மணிக்கயிற்றை எதிர்த் தூணுக்கு இழுத்துக் கட்டித் துணி காயப்போட்டாள். காற்றில் மணி அசைந்து தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அதன் நாக்கைக் கழற்றி, சாத்திக்கொள்கிற சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள். அவர் இடத்துக்குப் புது ஆள் யாரும் வரவில்லை. ஒரு கேமரா வைத்தார்கள். அது நாள் முழுக்கத் தூணையே முறைத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் சிவப்பைத் தொட்டால் ஆபீசில் தானாக ஊதும் என்றார்கள். பத்தடியார் கடைசியாக எழுதிவிட்டுப் போன எண்களை அது சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டைக் காலி பண்ணச் சொல்ல ஆபீசில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவரும் ஞாபகப்படுத்தவில்லை.

அப்புறம் அவர் படுத்தார். முதலில் இடுப்பு, பிறகு மூச்சு. நெஞ்சில் தண்ணீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பார்க்கப் போன பாசிக்காரன் கட்டில் பக்கத்தில் நின்று, "எத்தனை அடி மாமா?" என்று கேட்டுவிட்டான். அக்கா முறைத்தாள். அவர் மட்டும் யோசித்து, "டாக்டர் அளவு சொல்லலியே" என்றார்.

அந்தக் கோடையில்தான் கல்பாலத்துக்கு வண்ண விளக்கு போட வந்தார்கள். பழமையான பாலம், அடங்கிய ஆறு. வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுப்பார்களாம். விளக்குக் கம்பம் நட, நடுத்தூணை ஒட்டிக் குழி தோண்டினார்கள். பாசிக்காரன் வளைவில் சிக்கியிருந்த காய்ந்த பாசியை வெட்டிக்கொண்டிருந்தவன், ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான்.

குழிக்குள் தூணில், சேற்றுக்கு அடியில், அழகான வெள்ளைப் பெயிண்டில் ஒரு ஒன்று. அதற்குக் கீழே இன்னொரு ஒன்று, தலை பாதி தேய்ந்து. அதற்கும் கீழே இன்னொன்று. தோண்டத் தோண்ட ஒன்றாகவே வந்தது. எல்லாம் ஒரே கை, ஒரே சாய்வு. மயிரிழை கோணல் கிடையாது. வருஷா வருஷம் ஆறு கொஞ்சம் சேற்றைக் கொண்டுவந்து போட்டு, பிரஷ் படுவதற்கு முன்னால் பழைய ஒன்றை மூடியிருக்கிறது. வருஷா வருஷம் மாமா அந்தச் சேற்றின் தலையில் கட்டையை ஊன்றி, ஒன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். ஒன்று ஏற ஏற, பத்தும் ஏறியிருக்கிறது. சிவப்புக் கோடு தண்ணீருக்குப் பயந்தவன் மாதிரி வருஷத்துக்கு ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டிருக்கிறது.

இஞ்சினியர் வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, வாசலில் வைக்கப்போகிற "அடங்கிய ஆறு" பலகையைப் பார்த்தார். "கான்கிரீட்ட ஊத்துங்கப்பா, சாயங்காலம் ஆயிடுச்சு" என்றார். அப்போது மத்தியான வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

பாசிக்காரன் கழியைப் போட்டுவிட்டு நடந்தான். இத்தனை வருஷம் சேர்த்து வைத்த கேள்விகள் எல்லாம் வாயில் வரிசை கட்டி நின்றன. கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த மணி நாக்கு காலில் இடித்தது; அதையும் வைதுகொண்டே உள்ளே போனான்.

"மாமா, உங்க தூணத் தோண்டிட்டாங்க. அடியில எத்தனை ஒண்ணு இருக்குன்னு தெரியுமா?"

"ஒண்ணு ஒண்ணுதான் இருக்கும்" என்றார் அவர் கண்ணைத் திறக்காமல்.

"ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. அதுக்குக் கீழயும் ஒண்ணு. உங்க கையெழுத்துதான். சேத்து மேல நின்னு அளந்திருக்கீங்க மாமா. சேறு ஏறிட்டே வந்திருக்கு."

"தரையில இருந்துதான் எண்ணினேன்."

"தரை எங்க நின்னுச்சு?"

அவர் அக்காவைப் பார்த்தார். இவன் குசும்புக்காரன், இவன் சொல்வதை நம்ப முடியாது என்கிற பார்வை. அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"சிரிப்புச் சத்தம் கேட்டு நானும் போய்ப் பார்த்தேங்க. சின்னப் புள்ள சிலேட்டுல எழுதிப் பழகின மாதிரி ஒரே ஒண்ணா இருக்கு."

சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. நேராகத்தான் மாட்டியிருந்தார்கள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் களகளத்தது.

"தையல்காரர் செத்த அன்னைக்கு நான் எத்தனை சொன்னேன்?"

"ஏழு."

"அந்த இரும்புப் பாலத்துத் தம்பி?"

"பதினொண்ணு."

சிரிக்க வேண்டும் என்றுதான் பாசிக்காரன் வந்தான். பாழாய்ப்போன சிரிப்பு அந்த நேரம் பார்த்து வரவில்லை. அவர் போனைக் கேட்டார். அக்கா எடுத்துக் கொடுத்தாள். ஆபீஸ் எண்ணைத் தப்பில்லாமல் அழுத்தினார்.

"கல்பாலம் பேசறேன். நான் சொன்ன எண் எல்லாம் தப்பு. ஆமா, எல்லாம். மறுபடி எழுதணும்."

அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது. "ஐயா, நல்லா ரெஸ்ட் எடுங்கய்யா. இப்ப எல்லாம் கேமரா பார்த்துக்குது. நாளைக்கு லைட்டு போடறோம், முடிஞ்சா ஜன்னல் வழியாப் பாருங்க."

வைத்துவிட்டார்கள். அவர் போனைத் தலையணைக்கு இணையாக, கோணாமல் வைத்தார்.

"மச்சான்."

"ம்."

"அந்தக் கேமராவுக்குச் சேறும் தெரியாது, என்னையும் தெரியாது. சிவப்பு எங்க இருக்கோ அங்க தொட்டா ஊதும். அப்படித்தானே?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"உன் வீட்டுல முட்டி வரைக்கும் தண்ணி வந்த அன்னைக்கு, தோளு நனைஞ்சிருக்குன்னு சொன்னியே."

"சொன்னேன். கொத்தனார் அழகுக்கு வெச்சதுன்னு நீங்க சொன்னீங்க."

"அத விடு. வீட்டு வாசப்படிக்கு வரும்போது தண்ணி தோளுக்கு எவ்வளவு கீழ நிக்கும்?"

பாசிக்காரன் கையை நீட்டி முழங்கையிலிருந்து விரல்நுனி வரை காட்டினான். "இவ்வளவு."

"அதுக்கும் இன்னொரு முழம் கீழ போடு. ஆளுங்க மூட்டை கட்ட நேரம் வேணும்." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துத்தான் மீதி வந்தது. "கட்டிலுக்குக் கீழ சிவப்பு டப்பா இருக்கு. மேல ஆடை படிஞ்சிருக்கும், குத்திக் கிழிச்சு நல்லாக் கலக்கு. மேல இருக்கிற என் கோட்டை முதல்ல சுரண்டி எடுத்துடு; ரெண்டு சிவப்பு இருந்தா கேமரா குழம்பும். அந்த நாக்கையும் எடுத்துட்டுப் போய் மணியில மாட்டு."

"கதவு சாத்திக்குமே" என்றாள் அக்கா.

"சாத்திக்கட்டும்." பிறகு பாசிக்காரன் பக்கம் திரும்பினார். "கட்டையைத் தொடாதே. தரையைப் பார்க்கவே பார்க்காதே. தோள்ல இருந்து கீழ அள."

பாசிக்காரன் குனிந்து டப்பாவை எடுத்தான். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து அந்தக் களகளத்த குரல் மறுபடி வந்தது.

"மச்சான், இழுத்ததும் வந்துடாதே. எதிர்க்கரைக்குப் போய் நின்னு, ஒரு கண்ண மூடிட்டு, நேரா இருக்கான்னு பாரு."